மாசாணம் தூங்கவில்லை

கெசியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பெண். அப்பா ஞானாபரணம் சிக்னல் பட்டறையில் காலமெல்லாம் கம்பியோடும் நெம்புகோலோடும் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளைக்குக் கோபம் கீபம் வருமுங்களா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார்கள். "நியாயமில்லாத எடத்துல வருமுங்க" என்று அவர் பதில் சொன்னார். வந்தவர்கள் காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அந்த வீட்டில் அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இது தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கதை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளெல்லாம் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் பறந்துகொண்டிருந்த காலம். எம்.சி.ஏ. முடித்த கெசியா கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "என்னம்மா, முட்டை எப்படி இருக்குது?" என்று கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

பொரிப்பகத்தின் முதலாளி லட்சுமிநாராயண நாயுடு. ஒரே ஒரு பழைய அடைகாக்கும் இயந்திரத்தோடு தொழிலைத் தொடங்கி, பெரிய கூடம் கட்டி, ஆள் நுழைகிற உயரத்தில் நான்கு இயந்திரங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். அவற்றை அங்கே செட்டர் என்பார்கள். முட்டைகள் பதினெட்டு நாள் அதற்குள் இருக்க வேண்டும். தொண்ணூற்றொன்பதரை டிகிரிச் சூடு, கொஞ்சம் முன்னே பின்னே. சூடு ரொம்ப ஏறிவிட்டால் ஓட்டுக்குள்ளேயே உயிர் போய்விடும். இதைக் காவல் காக்கிற வேலை மாசாணத்துடையது.

மாசாணம் ஆனைமலைப் பக்கத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர். ராத்திரி முழுக்க கூடத்துக்குள் போய்ப் போய், ஒவ்வொரு செட்டரின் கண்ணாடிச் சன்னல் வழியாகவும் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வருவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் முட்டைக்குள் இருக்கிறவை எழுந்துவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

கெசியாவுக்குக் கொடுத்த வேலை இதுதான். ஒவ்வொரு செட்டருக்குள்ளும் சூட்டை உணர்கிற ஒரு முனை இருக்கும். நான்கு முனைகளின் கம்பிகளும் கூடத்து வாசலில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டியில் வந்து சேரும். அந்தப் பெட்டி தானாக எதுவும் சொல்லாது. கேட்கிற விதத்தில் கேட்டால், நான்கு எண்களை வரிசையாகத் திருப்பிச் சொல்லும். கேட்டு வாங்கி, ஆபீஸில் இருக்கிற கம்ப்யூட்டர் திரையில், யாரும் பார்த்தவுடன் புரிகிற மாதிரி ஒரு வலைப்பக்கமாகக் காட்ட வேண்டும்.

அதற்கு அவள் எடுத்துக்கொண்டது பைத்தான். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் கிடந்தது, அப்போது கோயமுத்தூரில் அதன் பேர் தெரிந்தவர்களே குறைவு. பேரைக் கேட்டதும் முதலாளி பதறினார்.

"ஏனம்மணி, மலைப்பாம்பா? கோழி இருக்கற எடத்துக்கா கொண்டார்றே?"

"இது கடிக்காதுங்க சார், முட்டையும் முழுங்காதுங்க" என்றாள் கெசியா.

அவள் எழுதிய நிரல் சின்னது. பெட்டியைக் கேட்கும், வருகிற வரியைத் துண்டு துண்டாகப் பிரிக்கும், நான்கு கட்டங்களில் நான்கு எண்களை வைத்துப் பக்கத்தைத் தரும். நிமிஷத்துக்கு ஒரு முறை பக்கம் தன்னையே புதுப்பித்துக்கொள்ளும். மாசாணத்துக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தும் சரியாக வராது. அதனால் 'செட்டர்', 'சூடு' என்ற சொற்களைப் படமாக வரைந்து பக்கத்தில் பதித்தாள். இன்னொரு படமும் வரைந்தாள், சிவப்பில், பெரிதாக: 'பதில் இல்லை'.

சிக்னல் பட்டறைக்காரர் மகளுக்கு அந்தச் சிவப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரயில் கைகாட்டி மரத்தின் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே 'நில்' என்று நின்றுகொள்ளும், 'வா' என்று ஒருபோதும் காட்டாது. குடியிருப்பில் கோலி விளையாடுகிற பையனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். இதில் என்ன பெரிய படிப்பு வேண்டிக்கிடக்கிறது?

படிப்பு ரவிதேஜாவிடம் இருந்தது. முதலாளியின் ஒரே மகன், அமெரிக்காவில் இரண்டு வருஷம் நிர்வாகம் படித்துவிட்டு வந்தவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதையும் வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகவே செய்கிறவன். கெசியாவின் பக்கத்தைக் கண்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாங்கிக்காரர், தீவன வியாபாரி, மாமா, மச்சான் என்று வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து திரை முன்னால் நிறுத்தினான். ஒரு நாள் உடுமலைப்பேட்டைப் பெரிய பண்ணைக்காரர் சீனிவாசலு வந்து நின்ற நேரம் பார்த்துக் கூடத்தில் மின்சாரம் ஒரு துடி துடித்தது. பெட்டி மயங்கியது. திரை முழுக்கச் சிவப்பு. 'பதில் இல்லை.'

சீனிவாசலு சிரித்தார். அந்தச் சிரிப்பை ரவிதேஜாவால் தாங்க முடியவில்லை.

"கெசியா, இந்தச் செவப்பெல்லாம் வேண்டாம். பெட்டி பேசலைன்னா கடைசியா வந்த நம்பரையே காட்டச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷத்துல எப்படியும் வந்துரும், அதுக்குள்ள எதுக்கு மானத்த வாங்கறது?"

"ரெண்டு நிமிஷத்துல வரலைன்னா?"

"வரும்."

"வரலைன்னாங்க சார்?"

"எப்பவும் நெகடிவாவே யோசிக்காதீங்க."

இரண்டு நாள் இழுத்தாள். மூன்றாம் நாள் முதலாளியும் கூப்பிட்டு, "அவன் சொல்றபடி செஞ்சு குடுத்துரு கண்ணு" என்று முடித்துவிட்டார். எழுதிக் கொடுத்தாள். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே, அது எந்த நேரத்தில் வந்த எண் என்று ஒரு வரி சேர்த்தாள். பழைய சோறு என்றால் பழைய சோறு என்றாவது சொல்லிப் பரிமாற வேண்டுமல்லவா? அடுத்த வாரம் பார்த்தால் அந்த வரியைக் காணோம். ரவிதேஜாவே உட்கார்ந்து எடுத்துவிட்டிருந்தான். அந்த இடத்தில், பக்கத்தின் தலையில், நொடிக்கு நொடி ஓடுகிற ஒரு கடிகாரம். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. எண் எத்தனை நாள் பழையதாக இருந்தாலும் மேலே கடிகாரம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும்.

"இது ஏமாத்து வேலைங்க சார்" என்றாள் கெசியா. காது சிவந்துவிட்டது.

"இது பிரசன்டேஷன்" என்றான் அவன்.

அதோடு நிற்கவில்லை. திரை வந்த பிறகு மனிதர் எதற்குக் கூடத்துக்குள் போக வேண்டும், கிருமிதான் உள்ளே போகும் என்று ஒரு புது உத்தரவு. ராத்திரியில் கூடத்தைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். மாசாணம் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால் போதும். எண் ஆடாமல் நின்றால் எல்லாம் நலம், ஆடினால் வீட்டுக்குப் போன் போட வேண்டும். நாலாம் செட்டரின் அபாய மணி பல மாசமாக ஊமையாகக் கிடந்தது. அதைப் பழுது பார்க்கக் கேட்டதற்கு, "இனி எதுக்கு மணி?" என்றுவிட்டான்.

மாசாணம் நாற்காலியில் உட்கார்ந்தார். கெசியாவிடம் மட்டும் ஒரு நாள், "கண்ணாடில பாக்கறப்ப உள்ள இருக்கறது தெரியுமுங்க அம்மிணி. இதுல நம்பரு மட்டுந்தானுங்க தெரியுது" என்றார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

கோயமுத்தூர்ச் சீமையில் ஆயுத பூஜை என்றால் விளையாட்டு இல்லை. லேத்துப் பட்டறையிலிருந்து நூல் மில் வரைக்கும் அன்றைக்கு இயந்திரங்களுக்கு ஓய்வு. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டால், மறுநாள் மறுபூஜை முடிகிற வரைக்கும் அதை யாரும் தொடமாட்டார்கள். பொரிப்பகத்தில் செட்டரை நிறுத்த முடியாது, உள்ளே உயிர் இருக்கிறது. அதனால் ஓடுகிற செட்டரின் கதவிலேயே பொட்டு வைத்துவிடுவார்கள். மற்றபடி கையில் தூக்க முடிகிற எல்லாம், ஸ்பேனர், தராசு, முட்டையை வெளிச்சத்தில் பார்க்கிற விளக்கு, எல்லாம் பின்னாலேயே இருக்கிற முதலாளி வீட்டுப் பூஜை அறைக்குப் போகும். முதலாளி மனைவி ராமாமணி அம்மா இதில் ரொம்பக் கறார். எது விட்டுப்போனாலும் விடமாட்டார்.

விடுமுறை முடிந்து கெசியா சுந்தராபுரத்தில் பஸ் ஏறி வந்து இறங்கினாள். பொரிப்பகத்து வாசலிலேயே நாற்றம் அடித்தது. உள்ளே நுழைவதற்குள் தீவனக் கிடங்கு ஆட்கள் சொல்லிவிட்டார்கள். ஆயுத பூஜை நோம்பி ராத்திரியில் நாலாம் செட்டரின் காற்றாடி நின்றுபோய், சூடு ஏறி, முட்டை மொத்தமும் போய்விட்டது. மறுநாள், குஞ்சு வெளியே வருகிற பொரிப்பான் இயந்திரத்துக்கு மாற்ற வேண்டிய முட்டைகள், பதினேழு நாள் வளர்ந்தவை. அந்தப் பருவத்தில் முட்டையே சூட்டைக் கக்கும், காற்றாடி இல்லாவிட்டால் ஒன்றையொன்று வேகவைத்துவிடும். சொன்னவர்கள் கடைசியில் ஒன்று சேர்த்தார்கள்.

"மாசாணம் தூங்கிட்டானுங்களாமா."

ஆபீஸ் தாழ்வாரத்தில் மாசாணம் நின்றுகொண்டிருந்தார். சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்தி, இரண்டு கையையும் அதற்குள் வைத்துக்கொண்டு. விஜயதசமியன்று வீட்டுக்குப் போனபோது ஊரில் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிக் கேலி செய்தார்களாம்.

"நாந் தூங்கலீங்க அம்மிணி. விடியற மட்டும் பாத்துக்கிட்டேதானுங்க இருந்தன். நம்பரு ஆடவே இல்லீங்க. வேலை போனாப் போவுது, கெழங்கு தோண்டியாவது பொழைச்சுக்குவன். தூங்கிப்போட்டான்னு மட்டும் சொல்ல வேண்டாமுன்னு சொல்லுங்க. இத்தன வருசத்துல ஒரு ராத்திரி கண்ணசந்தவனில்லீங்க."

கெசியா கூடத்து வாசலுக்குப் போனாள். பெட்டி சுவரில் தன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். கம்பி சொருகுகிற துளைக்குப் பக்கத்தில் ஒரு சாமந்தி இதழ் நசுங்கி ஒட்டியிருந்தது. சுவரில் இருக்கிற பெட்டிக்குப் பொட்டு வைத்தால் பொட்டு மட்டும்தான் இருக்கும், கம்பித் துளைக்குள் பூ எப்படிப் போகும்? கழற்றினால்தான் போகும். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில் காது மட்டுமில்லை, கழுத்து வரைக்கும் சிவந்தது.

ரவிதேஜா பின்னாலேயே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இப்ப அப்பா கூப்பிடுவாரு. சீனிவாசலு மாமாவும் வந்திருக்காரு, அந்தக் குஞ்செல்லாம் அவர் புக் பண்ணினது. உங்களக் கேப்பாங்க. புரோகிராம் ஓடுச்சுன்னு சொல்லுங்க. ஓடுச்சுதானே? எரர் ஒண்ணும் இல்லையே? பொய் சொல்லச் சொல்லலை."

"பெட்டி எங்க சார் இருந்துச்சு?"

அவன் பெட்டியைப் பார்க்காமல் பேச்சை மாற்றினான். "அந்தாளுக்கு வயசாயிருச்சு கெசியா. எப்படியும் மாத்தற ஆளுதான்" என்றான்.

இதைத்தான் கெசியாவால் பிறகு எத்தனை வருஷமானாலும் மன்னிக்க முடியவில்லை. தப்பு எவன் கையிலும் நடக்கும். அதைத் துடைப்பதற்குப் பக்கத்தில் நிற்கிறவனின் துண்டைப் பிடுங்குகிறானே, அதுதான் ஆறவில்லை. தன்மேலும் கோபம் ஆறவில்லை. பழைய எண்ணைக் காட்டுகிற அந்த இரண்டு வரியை அடித்தது அவள் விரல்தான்.

ஆபீஸ் அறையில் முதலாளி மேசைக்குப் பின்னால், சீனிவாசலு பக்கத்து நாற்காலியில். ரவிதேஜா சன்னலோரம். மாசாணம் கதவுக்கு வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால். ராமாமணி அம்மா வந்த விருந்தாளிக்குக் காபியோடு நின்றார். மேசைமேல் திரை ஓடிக்கொண்டிருந்தது. மேலே கடிகாரம் ஜம்மென்று நகர்ந்தது.

லட்சுமிநாராயணன் சத்தம் போடுகிற ஆளில்லை. "மாசாணம், உங்களையும் கொறை சொல்ல முடியாது. வயசு, நோம்பிச் சாப்பாடு வேற. கண்ணு சொக்கியிருக்கும். கணக்க முடிச்சுக் குடுத்தர்றேன், நீங்க ஊட்டுல இருந்துக்கோங்க" என்றார். அவ்வளவு மரியாதையாக ஒரு மனிதனின் மானத்தை வாங்க முடியும் என்று கெசியா அன்றைக்குத்தான் கண்டாள்.

"தூங்கலீங்க மொதலாளி" என்றார் மாசாணம்.

ரவிதேஜா குறுக்கே வந்தான். "ராத்திரி பூரா நம்பர் ஒரு புள்ளிகூட மாறலைன்னு நீங்களே சொல்றீங்க. முழிச்சிருந்தா அதப் பாத்துச் சந்தேகம் வராதா?"

"ஆடாம நின்னா நல்லதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க சின்ன மொதலாளி."

முதலாளி கெசியா பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு அம்மணி. உன்ற புரோகிராம் சரியா ஓடுச்சா இல்லியா?"

ஓடியது என்றால் மாசாணம் தூங்கியவர். ஓடவில்லை என்றால் அவள் வேலைக்கு உதவாதவள். இரண்டில் எதைச் சொன்னாலும் சன்னலோரம் நிற்கிறவனுக்கு ஒரு கீறலும் விழாது. கெசியா வாயால் பதில் சொல்லவில்லை. விறுவிறுவென்று கூடத்து வாசலுக்குப் போய், பெட்டியின் கம்பிகளை உருவி, சந்தனப் பொட்டோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்து, காபித் தட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள்.

"சார், இப்ப கூடத்துல இருந்து ஒரு சேதியும் வராது. பெட்டி இங்க இருக்குது. ஸ்க்ரீனைப் பாருங்க."

பார்த்தார்கள். பக்கம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. செட்டர் ஒன்று, தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு. செட்டர் இரண்டு, தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு. கடிகாரம் ஓடியது. இன்னொரு நிமிஷம் காத்திருந்தார்கள். அதே எண்கள், சிவப்பே வரவில்லை. சீனிவாசலு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது எப்பிடிங்க? பொட்டி இங்க கெடக்குது, அங்க சூடு சொல்லுது?"

"சொல்லாதுங்க. சொன்ன மாதிரி காட்டும். பெட்டி செத்தாலும் பழைய நம்பரையே காட்டணும்னு எனக்கு உத்தரவு. அது எந்த நேரத்து நம்பருன்னு நான் போட்டிருந்த வரியையும் எடுத்தாச்சு." அவள் ராமாமணி அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, நோம்பியன்னிக்கு இந்தப் பெட்டியும் பூஜையில இருந்துச்சுங்களா?"

ராமாமணி அம்மாவுக்கு அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. "ஆமா கண்ணு. புதுசா வந்ததுல அதுதான பெருசு, அது இல்லாம எப்பிடி? ரவிதான் கழட்டிக் கொண்டாந்து குடுத்தான். முன்னால வெச்சு மாலை போட்டேன். மறுநா மறுபூசை முடிஞ்சுதான் எடுத்துட்டுப் போனான்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகன் முகத்தைப் பார்த்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"ஏமிரா ரவி?" என்று அந்த அம்மா தெலுங்கில், என்னடா இது என்பதுபோல், கேட்டார். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரி பூரா பெட்டி சாமிகிட்ட இருந்துச்சு. இவரு முன்னால மூணு மணி நேரத்துக்கு முந்தின நம்பரு, அஞ்சு மணி நேரத்துக்கு முந்தின நம்பரு, கடிகாரத்தோட. கூடத்துக்குள்ள போகவும் கூடாது, பூட்டியாச்சு. மணி அடிக்காது. இவரு தூங்கினா என்ன, முழிச்சிருந்தா என்ன சார்? ஆனா இவரு முழிச்சுத்தான் இருந்தாரு" என்றாள் கெசியா.

விருந்தாளி முன்னால் பெற்ற மகன் சிறுத்துப்போனதை லட்சுமிநாராயணனால் பார்க்க முடியவில்லை. அதனால் எல்லா அப்பாக்களும் தேடுகிற வழியை அவரும் தேடினார்.

"சரி விடுங்க. தெய்வக் குத்தம் எதோ, நடந்துபோச்சு. எழுதினது நீதான அம்மணி, புரோகிராமுலதான் கோளாறுன்னு வெச்சுக்குவோம். மாசாணம், நீங்க ராத்திரி வழக்கம்போல வந்துருங்க."

முடிந்தது. எல்லோரும் எழுந்துகொள்ளலாம். கெசியா எழவில்லை, நகரவில்லை.

"கோளாறு புரோகிராமுலதான் சார். எழுதினது நான், எழுதச் சொன்னது உங்க பையன். அதுக்குப் போகணும்னா ரெண்டு பேரும் ஒண்ணாப் போறோம். தெய்வத்த எதுக்கு இழுக்கறீங்க, அது பெட்டியக் கழட்டச் சொல்லிக் கேட்டுச்சா? ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு பாக்கி இருக்குது. இவரு தூங்கலைன்னு சொல்லுங்க."

"அதான் வேலைக்கு வரச் சொல்லிட்டேனே."

"வேலைய அவரு கேக்கல சார். தூங்கிட்டான்னு இந்த ரூம்ல இருந்துதான் சொன்னீங்க, ஆனைமலை வரைக்கும் போயிருச்சு. தூங்கலைங்கறதும் இங்க இருந்துதான் போகணும்."

சீனிவாசலு காபியைக் கீழே வைத்தார். "அந்தப் புள்ள கேக்கறது நியாயந்தானுங்க" என்றார்.

லட்சுமிநாராயணன் திரையைப் பார்த்துக்கொண்டே, "தூங்கலை" என்றார்.

"என்னைப் பாத்து இல்லீங்க சார். அதைப் பாத்தும் இல்லை. அவரைப் பாத்து."

அந்த அறையில் ஒரு முதலாளியிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. தன் சம்பளச் சீட்டு கிழிவது அவளுக்குக் கேட்டது, கேட்டும் நிறுத்தவில்லை. லட்சுமிநாராயணன் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார். காலம் காலமாகத் தன்னிடம் வேலை செய்த மனிதனின் முகத்தை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நீங்க தூங்கலீங்க மாசாணம். நாங்கதான் தப்பாச் சொல்லிப்போட்டோம்."

மாசாணம் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்தார். கண் கலங்கியிருந்தது, அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"அது போதுமுங்க மொதலாளி. ஊட்டுல போயிச் சொல்றனுங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "ராத்திரிக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க."

"மாசாணம், அதான் சொல்லிட்டனே—"

"சொல்லிட்டீங்க, சந்தோசமுங்க. இனி நான் அந்த நாற்காலில உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்தாலும் வந்துருமுங்க. வாரேனுங்க அம்மிணி." அவர் கெசியாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தாழ்வாரத்து வெயிலில் இறங்கிப் போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன முகம் இருந்தது அவர்களுக்கு?

கெசியாவுக்கு மாசக் கடைசி வரைக்கும்தான் என்று சாயங்காலம் சொல்லப்பட்டது. முதலாளி அவளை 'வாங்க போங்க' என்று பேசினார், அம்மணியும் கண்ணும் போய்விட்டன. அவள் மாசக் கடைசி வரைக்கும் இருக்கவில்லை. அன்றைக்கே பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அப்போது ரவிதேஜா கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான். ராத்திரிக்கு ஆள் இல்லை. கிணத்துக்கடவிலும் சுற்றுவட்டத்திலும் சொல்லிவிட்டுப் பார்த்தும் யாரும் வர ஒப்பவில்லை. ராமாமணி அம்மாதான் முடிவு செய்திருந்தார். "நீயே உக்காரு" என்று மகனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

"கெசியா, போறதுக்கு முன்னால அந்த ரெண்டு வரிய எடுத்துட்டுப் போறீங்களா?"

"நீங்களே எடுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

அவன் தேடினான். எந்த வரி என்று தெரியாமல் மேலும் கீழும் போனான். அவள் காட்டிக் கொடுக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவனே கண்டுபிடித்து அழித்தான். கடிகாரத்தையும் எடுத்தான். பெட்டி இன்னும் மேசைமேலேயே கிடந்தது, கம்பியை யாரும் சொருகியிருக்கவில்லை. பக்கம் ஒரு முறை புதுப்பித்துக்கொண்டதும் நான்கு கட்டங்களிலும் எண்கள் போய், சிவப்பில் 'பதில் இல்லை' வந்து நின்றது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்து வாசலுக்குப் போய்க் கம்பியைச் சொருகிவிட்டு வந்தான். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்று செட்டருக்குச் சரியான சூடு. நாலாவது காலியாக, வெளிக்காற்றின் சூட்டில் இருந்தது. அவன் வெகுநேரம் அதைப் பார்த்தான்.

"இனி இதை நம்பலாமா கெசியா?"

கெசியா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். சாவி அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"கதவத் தொறந்து உள்ள போயிப் பாத்துட்டு நம்புங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு நடந்தாள்.